டிபிஎஃப் மறுபடியும் அடைக்கிறது, கழற்றி எறிந்துவிடலாமா?

கேள்வி, 2024 ஜூன் 8

அண்ணா, என்னுடையது 2021 மாடல் பிஎஸ்6 (2020இல் வந்த புதிய புகை விதிப்படி செய்தது), பன்னிரண்டு சக்கர வண்டி. சங்ககிரியில் சிமென்ட் ஏற்றி ஈரோடு, பவானி, திருச்செங்கோடு பக்கம் இறக்குகிறேன். 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறது. பிக்கப் சுத்தமாக இல்லை. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் இரண்டையும் மாற்றியாகிவிட்டது, அதிலேயே 40,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஒரு பட்டறையில், "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறும் பைப் வைத்து, வண்டிக் கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டியும் மாட்டிவிடுகிறோம். ஆட் ப்ளூ என்கிற யூரியாக் கரைசலும் வேண்டாம், தொல்லையும் வேண்டாம்" என்கிறார்கள். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்களாம். நானும் செய்துவிடலாமா?

ஜூன் 9, காலை

செய்யாதே தம்பி.

டிபிஎஃப் தானாகக் கரியை உண்டாக்குவதில்லை. இன்ஜின் அனுப்புவதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். நான்கு மாதத்தில் மூன்று முறை நிரம்புகிறது என்றால், ஒன்று, இன்ஜினிலிருந்து கரி அளவுக்கு மீறி வருகிறது. இல்லாவிட்டால், வருகிற கரி உள்ளே எரியவில்லை. இரண்டில் எது என்று தெரியும்வரை இன்னொரு பொருள்கூட வாங்காதே. ஃபில்டரைக் கழற்றிவிட்டால் விளக்கு எரியாது, ஆனால் இன்ஜினில் இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும். பிறகு டர்போவோ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுவது) பிஸ்டனோ போகும்போதுதான் தெரியவரும்.

சைலன்சர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். முதலில் டிஓசி. இது புகையில் இருக்கும் எரியாத டீசலையும் கார்பன் மோனாக்சைடையும் எரிக்கும், கூடவே நைட்ரிக் ஆக்சைடின் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். அடுத்து டிபிஎஃப், கரியைப் பிடிக்கும் தேன்கூடு. அதற்குப் பின் ஆட் ப்ளூ தெளிக்கும் ஊசி, கடைசியில் எஸ்சிஆர். அங்கேதான் ஆட் ப்ளூவிலிருந்து வரும் அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் ஆக்குகிறது.

லோடு இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால், 250 முதல் 400 டிகிரி சூட்டில் அந்த நைட்ரஜன் டை ஆக்சைடே கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். டிரைவருக்கு எதுவும் தெரியாது. அது போதாதபோது வண்டி தானாகக் கூடுதல் டீசலை அனுப்பி டிஓசியில் எரியவைத்து, டிபிஎஃப் உள்ளே சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். அதற்கு இருபது முப்பது நிமிடமாவது நிறுத்தாமல் ஓட வேண்டும்.

நீ ஓடுவது 20, 25 கிலோமீட்டர். நடுவில் எடை மேடை, டீக்கடை, இறக்குமிடம். ரீஜென் ஆரம்பித்ததும் வண்டியை அணைக்கிறாய். இதுதான் என் முதல் சந்தேகம். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு நான்கு விஷயம் எழுதி அனுப்பு: கரி அளவு எத்தனை சதவீதம், ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் எவ்வளவு, கடைசி ரீஜென் முழுதாக முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, பாதியில் நின்ற ரீஜென் எத்தனை.

ஜூன் 9, இரவு

ஒன்று சேர்க்க வேண்டும். ஐடிலில் மட்டும் அழுத்த வித்தியாசம் பார்த்தால் போதாது. ஐடிலில் புகை ஓட்டம் குறைவு, பாதி அடைத்த ஃபில்டர்கூட நல்ல பிள்ளை மாதிரி காட்டும். ஆர்பிஎம்மை 2000 வரை ஏற்றிப் பிடித்து அப்போது எவ்வளவு என்று பார். அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் இரண்டு சின்னக் குழாய்களையும் பார்த்துவிடு. அதில் ஒன்று விரிசல் விட்டோ தண்ணீர் தேங்கியோ இருந்தால் மேலே சொன்ன எண்கள் எல்லாமே பொய்.

ஜூன் 12

எண்கள் வந்துவிட்டன. கரி அளவு 140 சதவீதம். முடிந்த ரீஜென் 3, பாதியில் நின்றது 19. கோடு, அதாவது ஸ்கேனர் காட்டும் கோளாறு எண், இரண்டு: எஸ்பிஎன் 3251, அதாவது டிபிஎஃப் அழுத்த வித்தியாசம். இன்னொன்று எஸ்பிஎன் 4364, எஃப்எம்ஐ 18, எஸ்சிஆர் வேலைத்திறன் குறைவு.

இந்த இரண்டாவது கோடுதான் உன் 40,000 ரூபாயைச் சாப்பிட்டது. அந்தக் கோடு "நாக்ஸ் சென்சார் கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. "உள்ளே வந்த நாக்ஸுக்கும் வெளியே போன நாக்ஸுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் இல்லை" என்று சொல்கிறது. சென்சார் பொய் சொல்லலாம், உண்மையும் சொல்லலாம். தெர்மாமீட்டரில் காய்ச்சல் தெரிந்தால் தெர்மாமீட்டரை மாற்றுவோமா? எஸ்சிஆர் திறன் குறையக் காரணங்கள்: ஆட் ப்ளூ சரியில்லை, ஊசி அடைத்திருக்கிறது, பம்ப் அழுத்தம் இல்லை, புகைக் குழாயில் எங்கேயோ காற்று கசிகிறது, எஸ்சிஆருக்குள் வினையைத் தூண்டும் கேட்டலிஸ்ட் விஷமேறிக் கெட்டுவிட்டது. இத்தனையையும் பார்த்த பிறகுதான் சென்சார்.

வண்டியை என் பட்டறைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16

நேற்று வண்டி வந்தது. பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நான் செய்வது, ஸ்கேனரைத் தொடும் முன்பே, வால் குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பது. டிபிஎஃப் உள்ள வண்டியில் விரல் கறுக்கக் கூடாது. 2,10,000 கிலோமீட்டர் ஓடிய குழாயாக இருந்தாலும் சாம்பல் நிறத்தில் லேசான தூசிதான் இருக்க வேண்டும். மை மாதிரி ஒட்டினால் உள்ளே தேன்கூடு உடைந்திருக்கிறது, அல்லது யாரோ ஏற்கனவே கைவைத்திருக்கிறார்கள். இந்த வண்டியில் விரல் சுத்தமாக வந்தது. டிரைவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைப்பார்கள், நீங்கள் வாலில் வைக்கிறீர்களே" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அந்த விரல் சொன்னது பெரிய விஷயம்: ஃபில்டர் உயிரோடு இருக்கிறது, தன் வேலையைச் செய்கிறது. இதைப் போய் வெட்டி எறியச் சொன்னார்கள்.

இரண்டாவது, ஆயில் கம்பி. மேல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு ஆயில் நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை. ரீஜென் செய்யக் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகத் தெளிக்கிற இன்ஜின் இது. அப்படித் தெளிப்பதில் கொஞ்சம் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். ரீஜென் முழுதாக நடந்து, பிறகு வண்டி நீண்ட தூரம் ஓடினால் ஆவியாகிவிடும். பத்தொன்பது முறை பாதியில் நின்றால்? ஆயில் தண்ணீராகிவிடும், பேரிங் தேயும். ஆயிலை அன்றே மாற்றினோம். பிஎஸ்6 வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

ஆயில் டின்னையும் காட்டச் சொன்னேன். பழைய வண்டிக்கு ஊற்றும் சிஐ-4 ஆயில். பிஎஸ்6 வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும். அதற்கான சிகே-4 ஆயிலில் சல்ஃபேட் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அளவு இருக்கிறது. கரி எரிந்து போய்விடும், ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது. ஃபில்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். லிட்டருக்கு மிச்சம் பிடிக்கும் காசு அங்கே போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, ஆட் ப்ளூ ஊசி. கழற்றியதும் உள்ளே தேங்காய்த் துருவலை அழுத்தி வைத்தது போல வெள்ளையாகக் கட்டி. ஊசி நுனி கண்ணுக்கே தெரியவில்லை. சுரண்டக் கூடாது, நுனியில் இருக்கும் துளைகள் முடியளவு. வெந்நீரில் ஊறவைத்தோம், அரை மணி நேரத்தில் முக்கால்வாசி கரைந்தது. கரையாமல் நின்ற பழுப்பு நிறக் கட்டி வேறு ரகம். யூரியா சரியாக வேகாமல் சயனூரிக் அமிலம்வரை போய்விட்டால் வெந்நீருக்கு அசையாது. அந்தக் குழாய்த் துண்டை மட்டும் கழற்றித் தனியாகச் சூடேற்றி எடுத்தோம்.

ஜூன் 17

சென்சார் மாற்றியவர் மேல் கோபப்பட்டு நேற்றுக் கடைசியில் நான்கு வரி எழுதி, பிறகு அழித்துவிட்டேன். ஸ்கேனரில் கோடு பெயர் பார்த்து அந்தப் பெயர் உள்ள பொருளை மாற்றுவது இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதுதான் உண்மையான குறை. 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்4இலிருந்து ஒரே தாவலில் பிஎஸ்6க்கு வந்தோம், நடுவில் பிஎஸ்5 இல்லவே இல்லை. பெரிய வண்டிக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவு, இன்ஜின் தரும் ஒரு யூனிட் சக்திக்கு 3.5 கிராமிலிருந்து 0.4 கிராமுக்கு இறங்கியது. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆயிற்று. இத்தனை மாற்றமும் வந்த அதே மாதம் ஊரடங்கு. பட்டறையில் இருப்பவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொண்டிருப்பார்கள்?

ஜூன் 19

ஆட் ப்ளூ பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி வாங்கியது சாலையோரத்தில், மூடி சீல் இல்லாத 20 லிட்டர் கேன். டேங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, யூரியா அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். நீலக் கோடு 28க்கும் 29க்கும் நடுவில் நின்றது. 32.5 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்திருக்கிறார்கள். அம்மோனியா குறைந்தால் எஸ்சிஆர் எப்படி வேலை செய்யும்? டேங்கை முழுதாக வடித்து, கழுவி, சீல் உடைக்காத கேன் ஊற்றினோம். அதில் 32.5ஐ ஒட்டி நின்றது.

தொழிற்சாலை யூரியாவுக்குப் பதில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் 2015இலிருந்து வயல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெய்ப் பூச்சு வயலுக்கு நல்லது, கேட்டலிஸ்ட்டுக்கு விஷம். பையூரெட் என்று ஒரு கழிவு, வயல் யூரியாவில் 1.5 சதவீதம்வரை இருக்கலாம் என்று விதி. ஆட் ப்ளூவில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த மிச்சம்தான் ஊசியிலும் குழாயிலும் பாறையாகிறது. மானியத்தில் விவசாயிக்குப் போக வேண்டிய மூட்டை லாரி டேங்கில் கரைகிறதே என்ற வருத்தம் வேறு. எங்கள் அப்பா நடவு நேரத்தில் சொசைட்டி வாசலில் யூரியாவுக்காக வரிசையில் நின்றவர்.

ஜூன் 20

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை இருப்பதை ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொல்வது முழுக்கச் சரி. ரிஃப்ராக்டோமீட்டர் யூரியா எத்தனை சதவீதம் என்று மட்டும்தான் சொல்லும், எந்த யூரியா என்று சொல்லாது. வயல் யூரியாவைச் சரியான அளவில் கரைத்தாலும் 32.5 என்றே காட்டும். ஆகவே கோடு சரியாக நின்றால் "தண்ணீர் கலக்கவில்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூடவே கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பேன். நல்ல ஆட் ப்ளூ பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். லேசாகக் கலங்கலோ, மேலே எண்ணெய்ப் படலமோ, வேப்பெண்ணெய் வாடையோ இருந்தால் வண்டியில் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று, கேனை வெயிலில் வைக்காதீர்கள். 30 டிகிரிக்குள் வைத்தால் ஒரு வருடம் தாங்கும், 35 டிகிரி என்றால் ஆறு மாதம்தான். நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் கோடைக்காலத்தில் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். ஆப்பிள் லோடுக்காகக் காஷ்மீர் போகும் டிரைவர் ஒருவர், மைனஸ் 11 டிகிரியில் உறைந்துபோகுமே, வண்டி நின்றுவிடுமா என்று கேட்டிருந்தார். நிற்காது. டேங்குக்குள் இன்ஜினின் சூடான கூலன்ட் ஓடும் குழாய் இருக்கிறது, ஓட ஓட உருகிவிடும். உறைந்து உருகினால் சரக்கும் கெடாது.

ஜூன் 23

வண்டி போய்விட்டது. செய்தது: ஊசி சுத்தம், ஆட் ப்ளூ மாற்றம், ஆயில் மாற்றம், பட்டறையில் நிறுத்தி வைத்தே ஒரு முழு ரீஜென். நாற்பது நிமிடம் ஆனது. கரி 140இலிருந்து 11 சதவீதத்துக்கு இறங்கியது. எஸ்சிஆர் கோடு அழித்த பிறகு திரும்பவில்லை. டிரைவருக்கு, ரீஜென் விளக்கு வந்தால் வண்டியை அணைக்காமல் பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நிறுத்தி ரீஜென் செய்பவர்கள் கவனம்: வால் குழாயில் வரும் காற்று வைக்கோலைப் பற்றவைக்கும். சிமென்ட் தரையில் நிறுத்துங்கள், பின்னால் காய்ந்த புல், வைக்கோல், தேங்காய் நார், டயர் எதுவும் இருக்கக் கூடாது, ஆளும் நிற்கக் கூடாது. தார்ப்பாய் ஓரம் தொங்கிக்கொண்டிருந்து உருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

கதை முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை 3

முடியவில்லை. ஒன்பதாம் நாள் மறுபடியும் டிபிஎஃப் விளக்கு. கரி 96 சதவீதம்.

எஸ்சிஆர் கோடு வரவில்லை, அந்தப் பாதி சரியாகிவிட்டது. ஆனால் ஒன்பது நாளில், அதுவும் நான்கு ரீஜென் முழுதாக முடிந்த பிறகும் கரி இவ்வளவு ஏறுகிறது என்றால், குறைந்த தூர ஓட்டம் மட்டும் காரணம் இல்லை. ஜூன் 9 அன்று இரண்டு வழி என்று நானே எழுதினேன்: கரி எரியவில்லை, அல்லது கரி அதிகம் வருகிறது. பத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் முதல் வழியிலேயே நின்றுவிட்டேன். இரண்டாவது வழியைச் சோதிக்காமல் வண்டியை அனுப்பியது என் தவறு. தம்பியிடம் போனில் சொல்லிவிட்டேன், அடுத்த வேலைக்குக் கூலி கிடையாது.

ஜூலை 6

வண்டி லோடோடு வந்தது. அப்படித்தான் வரச் சொன்னேன். வெறும் வண்டியில் தெரியாத கோளாறு லோடில் தெரியும். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு தொப்பூர் கணவாய்வரை போய் வந்தோம். சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது அது ஏற்றம். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சமவெளியில் எல்லாம் ஒழுங்கு. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்ததும் கம்ப்யூட்டர் 1.6 பார் டர்போ காற்றழுத்தம் கேட்கிறது, 1.2க்கு மேல் ஏறவில்லை. காது கொடுத்தால் இடது பக்கம், கேபினுக்குக் கீழே, "உஸ்ஸ்" என்று ஒரு மெல்லிய சத்தம். மிதியை விட்டால் சத்தமும் நின்றுவிடும். டிரைவர் சொன்னார்: "இது ரொம்ப நாளா இருக்குங்க, ஏர் பிரேக் லைன்னு நினைச்சேன்."

ஜூலை 7

கண்டுபிடித்துவிட்டோம்.

டர்போவிலிருந்து வரும் காற்றுப் பாதையை ஒரு பக்கம் தகட்டால் அடைத்து, மறுபக்கம் கம்ப்ரசரிலிருந்து ஒரு பார் அளவுக்குக் காற்று ஏற்றினோம். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தோம். டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், முதலில் இரண்டு குமிழி. பிறகு நுரை பொங்கி வழிந்தது. கழற்றி வளைத்துப் பார்த்தால் மூன்று விரல் நீளத்துக்குப் பிளவு. கையில் சும்மா வைத்திருந்தால் இரண்டு உதடும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. காற்று ஏறினால்தான் திறக்கிறது. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் சிமென்ட் தூசி ஒட்டி ஒரு மேடு. அந்த மேட்டை நான் முதல் முறையே பார்த்தேன், சிமென்ட் வண்டிதானே என்று விட்டுவிட்டேன். காற்று ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது என்று பாதி உறுதி.

ஏன் பிளந்தது? ஹோஸுக்குக் கீழே ஒரு இரும்புப் பட்டை. கம்பெனி வைத்தது இல்லை. ஏர் ஹார்ன் மாட்டியபோது அதன் குழாயைத் தாங்க யாரோ வைத்த பட்டை, ஓரம் ராவாமல் கத்தி மாதிரி. இன்ஜின் குலுங்கும் ஒவ்வொரு முறையும் ஹோஸ் அதில் உரசியிருக்கிறது.

ஆக, ஏர் ஹார்னுக்கு வைத்த ஒரு பட்டை. அது ஹோஸை அறுத்தது. இன்ஜினுக்குக் காற்று குறைந்தது. காற்றில்லாமல் எரிந்த டீசல் கரியானது. கரி ஃபில்டரில் நிரம்பியது. அந்த ஃபில்டரைத்தான் தப்பு செய்தது என்று எல்லாரும் பிடித்தார்கள்.

ஜூலை 9

நல்ல கேள்வி ஒன்று: "காற்றழுத்த சென்சார் இருக்கிறதே, காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடாதா, பிறகு எப்படிக் கரி வரும்?"

குறைக்கும். பிக்கப் இல்லை என்று தம்பி சொன்னது அதனால்தான். ஆனால் அழுத்தம் விழுந்ததைப் பார்த்து டீசலைக் குறைப்பதற்குள் ஒரு நொடி, அரை நொடி போய்விடும். கியர் மாற்றும்போதும் நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போதும் அந்த இடைவெளியில் கரி வரும். நெடுஞ்சாலை வண்டிக்கு அது ஒரு நாளைக்குச் சில முறை. எடை மேடைக்கும் இறக்குமிடத்துக்கும் நடுவே ஓடும் சிமென்ட் வண்டிக்கு நூற்றுக்கணக்கான முறை. அதனால் குறைந்த தூர ஓட்டம் என்று நான் முதலில் சொன்னது முழுக்கத் தப்பில்லை. அது கோளாறைப் பெருக்கியது, ஆனால் ஆரம்பித்து வைத்தது அது இல்லை.

கசிவு சின்னதாக இருந்தால் டர்போ கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும், கோடும் வராது. இந்த வண்டியில் காற்றழுத்தக் கோடு ஒரு தடவைகூட வரவில்லை.

ஜூலை 14

டிபிஎஃப்பை இந்த முறை கழற்றியே பார்த்தோம். எடை போட்டேன். ரீஜென் முடிந்து கரி எல்லாம் எரிந்த பிறகும் இருக்கும் கூடுதல் எடை சாம்பல்தான். சூளையில் வைத்துச் சுட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடித்துச் சுத்தம் செய்யும் இடத்துக்குச் சேலத்துக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது 700 கிராம் குறைந்திருந்தது. ஒரு டம்ளரில் அந்தச் சாம்பலைக் கொண்டுவரச் சொன்னேன். விபூதி மாதிரி வெளுத்து, நைஸாக இருந்தது. பழைய ஆயிலின் மிச்சம்.

வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். ஆசிட்டும் வேண்டாம். தேன்கூட்டைச் சுற்றி இருக்கும் பஞ்சு மெத்தை கரைந்துவிட்டால் அது பெட்டிக்குள் ஆடி ஆடியே உடையும். அப்படி உடைந்த மூன்று ஃபில்டர் என் பட்டறை மூலையில் கிடக்கிறது.

ஜூலை 21

"நீங்கள் ஏன் பைப் வைத்துக் கொடுப்பதில்லை? வெளியே இதற்குக் காசு வாங்குகிறார்களே, உங்களுக்கும் வருமானம்தானே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நேராகவே சொல்கிறேன்.

நான் வேலை பழகியது ஃபில்டர் இல்லாத காலத்தில். மூடிய கொட்டகைக்குள் நான்கு வண்டி ஒரே நேரத்தில் ஓடும். மாலையில் மூக்கைச் சிந்தினால் துண்டு கறுப்பாகும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி முப்பத்தைந்து வருடம் அந்தப் புகையில் நின்றவர். கடைசி இரண்டு வருடம் படுத்துத் தூங்க முடியாமல் சுவரில் சாய்ந்தே இருந்தார். புகைதான் காரணம் என்று டாக்டர் எழுதித் தரவில்லை, நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக அறிவித்துவிட்டது, முதல் பிரிவிலேயே வைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று அவர் சாய்ந்திருந்த சுவர்தான் நினைவுக்கு வந்தது. எண்ணெய்த் தலை பட்டுப் பட்டு ஒரு வட்டம் விழுந்திருக்கும்.

இன்று என் பட்டறைக்கு எதிரே அரசுப் பள்ளி. பிஎஸ்6 வண்டி கேட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டு நின்றாலும் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவதில்லை. இதை என் கையாலேயே மாற்ற எனக்கு மனம் வராது.

ஃபில்டரைக் கழற்றினாலும் புகைச் சான்றிதழ்ச் சோதனையில் பிடிபடாது என்கிறார்கள். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் கருமையை மட்டும்தான், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை என்பது உண்மைதான். பிடிபடாது என்பதால் நெஞ்சுக்குள் போகாமல் இருக்குமா?

ஆகஸ்ட் 4

ஆடிப் பதினெட்டு விடுமுறை முடிந்து தம்பி வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். புது ஹோஸ் போட்டு நான்கு வாரம், 5,800 கிலோமீட்டர். கரி 34 சதவீதம். ரீஜென் முடிந்தது 6, பாதியில் நின்றது 1. அந்த ஒன்று லெவல் கிராசிங்கில் அணைத்ததாம். ஆயில் கம்பியில் அளவு போட்ட இடத்திலேயே நிற்கிறது. மைலேஜ் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்கிறார், இதை இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

மொத்தச் செலவு: ஹோஸ், கிளாம்ப் இரண்டு, ஆயில், ஃபில்டர் சுத்தம், ஆட் ப்ளூ. எல்லாம் சேர்த்து அந்த இரண்டு சென்சாரின் விலையில் பாதிகூட வரவில்லை.

கழற்றிய பழைய நாக்ஸ் சென்சார் இரண்டையும் தம்பி தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். வெளியே போகும் பக்கத்துச் சென்சாரை இன்று மாட்டிப் பார்த்தோம். சூடேறச் சில நிமிடம் எடுத்துக்கொண்டு, புதுச் சென்சார் காட்டிய அளவையே காட்டியது. அதைத் துணியில் சுற்றி அவர் டூல் பெட்டியிலேயே வைத்துக்கொடுத்தேன். ஏர் ஹார்னைக் கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை. பட்டையை மட்டும் நானே அறுத்தெடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6

மறந்துவிட்டேன். ஜூலை 6 அன்று எழுதிய 1.6, 1.2 பார் இரண்டும் இந்த வண்டியின் இன்ஜினுக்கு உரியவை. உங்கள் வண்டிக்கு அது வேறாக இருக்கும். ஸ்கேனரில் "கேட்கும் அழுத்தம்", "கிடைக்கும் அழுத்தம்" என்று இரண்டு வரி வரும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். லோடோடு, ஏற்றத்தில், முழு மிதியில்.